புண்ணியத்துக்கு வந்த குருவிகள்

தாய்லாந்தில் லாம்பாங் ஊர்ச் சந்தையில் காலையில் பன்றிக்கறிக் குச்சி சுட்டு விற்பவள் ராட்ரி. பக்கத்தில் தேங்காய்ப் பணியாரம் சுடுகிறவள் நான். "பன்னிய வித்து நாய வளக்குறியே, என்ன நியாயம்டி இது?" என்று அவளைச் சீண்டாதவர்கள் சந்தையில் இல்லை.

"பன்னிக்கும் யாராச்சும் எடம் குடுங்க, அதையும் வளக்குறேன்" என்பாள். வாய் அப்படி. புருஷன் விட்டுப் போனதற்கும் அந்த வாய்தான் காரணம் என்று ஊர் சொல்லும். அவன் குடிதான் காரணம் என்று நான் சொல்வேன்.

தெருவில் அடிபட்டவை, விகாரை வாசலில் யாரோ விட்டுப்போனவை என்று அவள் சேர்த்த நாய்கள் இருந்தது அரிசி ஆலைக்குப் பின்னால் உள்ள திடலில். ஆலைக்கார சுராங் அம்மாவின் இடம். வாடகை கிடையாது, எல்லாம் வாய்வார்த்தைதான். அந்த அம்மா மனம் கோணினால் அத்தனை நாய்களும் மறுபடி தெருவுக்கு.

வருடத்துக்கு ஒருமுறை, நாய்களின் தீனிக்குப் பணம் தரும் ஆதரவாளர்களை அங்கே கூப்பிட்டு விருந்து வைப்போம். நாயைக் கட்டிக்கொண்டு படம் எடுத்து, வயிறாரச் சாப்பிட்டு, அடுத்த வருடம்தான் தலைகாட்டுவார்கள். அவர்கள் கொஞ்சுவதற்காகவே அந்த வருட விருந்தன்றும் நாய்களை அவிழ்த்து விட்டிருந்தோம்.

சுராங் அம்மா காரிலிருந்து இறங்கினார். பின்னால் ஆலை ஆள் சின்னச் சின்ன மூங்கில் கூண்டுகளைத் தூக்கி வந்தான். கூண்டுக்குள் குருவிகள் அடைந்து கிடந்தன. அவர் கணவர் வாதம் வந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். குருவிகளைத் திறந்துவிட்டால் அந்தப் புண்ணியம் அவரை எழுப்பிவிடும் என்று நம்பினார். பிராணிகள்மேல் அன்புள்ளவர்கள் கூடும் இடத்தில் விட்டால் இன்னும் விசேஷம் அல்லவா!

விடுவதற்கென்றே வலைபோட்டுப் பிடித்து விற்கிறார்கள் என்று சந்தையில் குருவிக்காரனோடு ராட்ரி மல்லுக்கு நிற்காத நாள் இல்லை. அவள் கையைக் கிள்ளினேன்.

"வாயத் தொறக்காத. நாய்ங்கள நெனச்சுப் பாரு."

அவள் போய்க் கூண்டின் கதவைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"அம்மா, வேண்டாம்மா. அடைஞ்சு கெடந்து றெக்கை மரத்துப் போயிருக்கு. பறக்காது. சுத்தி நாய்ங்க நிக்குதும்மா."

"கைய எடு."

"எங்கிட்ட விடுங்க. தேத்திப் பறக்க விடுறேன்."

"எம் புருஷன் அங்க மூச்சுக்குத் தவிக்கிறாரு. நீ எனக்குப் புண்ணியம் சொல்லித் தர்றியா? என் எடத்துல நின்னுக்கிட்டு?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கை நின்றது. ராட்ரி கையை எடுக்கவில்லை. சுராங் அம்மா வேறொரு கூண்டைப் பிடுங்கித் திறந்தார்.

முதல் குருவி முழ உயரம் எழும்பிப் புல்லில் விழுந்தது. தாம் என்கிற மூன்றுகால் கறுப்பு நாய் ஒரே தாவாகத் தாவிக் கவ்வியது.

ஆலை ஆள் கட்டையோடு ஓடினான். ராட்ரி நாயின்மேல் விழுந்து மறைத்தாள். "என்னை அடி" என்று கத்தினாள்.

"கட்டையக் கீழ போடு" என்றார் சுராங் அம்மா. குரல் உடைந்திருந்தது. "அது நாய். அதுக்கு என்ன தெரியும்? தொறந்தது நான்."

திறந்த கூண்டின் கதவைத் தானே மூடிவிட்டுப் புல்லிலேயே உட்கார்ந்தார். பட்டுப் பாவாடை மண்ணாவதைக்கூடப் பார்க்கவில்லை.

"நாய்ங்க இங்கயே இருக்கட்டும்" என்றார். பிறகு ராட்ரியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "அவரு பேரச் சொல்லித்தான்டி தொறந்தேன். இந்தப் பாவமும் அவருக்குத்தான் போகுமா?"

ராட்ரி மறு கையால் அந்தக் கூண்டை இழுத்து, மிச்சக் குருவிகளோடு அவர் மடியில் வைத்தாள்.