கேக்கக் கூடாத கேள்வி

நெஞ்சு வலிக்கிறது என்ற அம்மாவை நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் யாரோ தடவிவிட்ட தைலம் வேன் முழுக்க மணக்கிறது. முன்னால் போகும் லொறி வழிவிடுவதாயில்லை. நான் ஜன்னலைத் திறக்கிறேன், மூடுகிறேன்.

முன்பு யாத்திரை போன சிவனொளிபாத மலைப் படிக்கட்டிலும் இதே வாசம்தான். சிறுமியான என் கெண்டைக்காலில் அம்மா தைலம் தேய்த்தபோது, "இன்னும் எவ்வளவு தூரம்மா?" என்றேன். சட்டென்று என் வாயைப் பொத்தினாள்.

"கேக்கக் கூடாதுடி! கேட்டா மலை நீண்டுக்கிட்டே போகும்."

எதிரே இறங்கிய சிங்களப் பெண்ணொருத்தி "கருணாவய்" என்று, மலையேறுபவர்களுக்குச் சொல்லும் வாழ்த்தைச் சொல்லிவிட்டுப் போனாள். அவளும் தூரம் சொல்லவில்லை. உச்சியில் விகாரை மணி கேட்கும்வரை அந்தக் கேள்வியை விழுங்கிக்கொண்டு படிகளை எண்ணினேன்.

வேனில், என் மடியில் கிடக்கும் அம்மா கண்ணைத் திறக்கிறாள்.

"இன்னும் எவ்வளவு தூரம்டி?"

டிரைவர் பதில் சொல்வதற்குள் என் கை அவள் வாயைப் பொத்திவிட்டது.