கதிரேசனைச் சாகவிடாத ஊர்

என் மனைவி ஹெப்சிபாவுக்கு எழுத்தாளர் என்ற பட்டத்தைக் கொடுத்தது அவளுடைய செல்போன். கதை எழுதுகிற ஆப் ஒன்றில் அவள் பெயருக்குக் கீழே அப்படித்தான் போட்டிருக்கிறது. மற்றபடி அவள் காசிமேட்டில் ஓர் ஐஸ் கம்பெனியில் டோக்கன் கிழிக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே நீளும் கைகளுக்கு டோக்கன், உள்ளே மடியில் செல்போன். ஐஸ் உடைக்கிற மெஷின் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் திட்டினாலும் காதில் விழாது. அங்கே உட்கார்ந்துகொண்டுதான் இந்தம்மா காதல் வசனம் எழுதுகிறாள்.

எழுதுவதும் சொந்தக் கதை இல்லை. 'அகிலாவின் வாசல்' என்று ஒரு சீரியல் ஓடியது. அதில் அகிலாவின் புருஷன் கதிரேசன் தங்கமான மனுஷன். நடிகருக்கும் சேனலுக்கும் ஏதோ தகராறு வந்தது. அடுத்த வாரமே கதிரேசனைப் படகில் ஏற்றிக் கடலில் தள்ளிவிட்டார்கள். பிறகு சீரியலையே மூட்டை கட்டிவிட்டார்கள். அகிலா நடுவாசலில் நின்று அழுததோடு சரி. அதற்கப்புறம் அவள் என்ன ஆனாள் என்று யாருக்கும் தெரியாது. என் மனைவிக்கு அது பொறுக்கவில்லை. மீதிக் கதையை நானே எழுதிக்கொள்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

அவளுடைய கதையில் கதிரேசன் செத்துவிட்டான். அகிலா மாமியார் வீட்டு வாசலிலேயே இட்லிக் கடை போடுகிறாள். நான் துறைமுகத்துக்கு கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவன். எண்ணூர் நெடுஞ்சாலையில் வண்டிகள் வரிசைகட்டி நின்றால் பொழுது விடிந்து பொழுது சாயும். அந்த வரிசையில் உட்கார்ந்து முதல் நாலு அத்தியாயத்தையும் படித்தேன். நன்றாகவே இருந்தது. அப்போது அவளுக்கு வாசகர்கள் என்று சொல்லிக்கொள்ள யாரும் இல்லை. கதை நன்றாக இருந்ததற்கு அதுதான் காரணம் என்பது என் கட்சி.

பிறகு ஆள் சேர்ந்தது. ஆளோடு கருத்தும் சேர்ந்தது. ஆப்பில் இருப்பவர்கள் கமென்ட் போடுவார்கள், அதை நாலு நாள் கழித்துப் பார்த்தாலும் குற்றமில்லை. காசிமேட்டு வாசகர்கள் அப்படியா? நேரே ஜன்னலுக்கு வந்து நிற்பார்கள். கதை பிடித்திருந்தால் இரண்டு சங்கரா மீன் உள்ளே வரும். பிடிக்கவில்லை என்றால் நெத்திலிகூடக் கிடையாது, முறைப்புதான். எங்கள் வீட்டுக் குழம்பை வைத்தே அந்த வாரத்து அத்தியாயம் எப்படி என்று நான் சொல்லிவிடுவேன்.

ஹெப்சிபாவுக்கு யாருக்கும் இல்லை என்று சொல்ல வராது. பாட்டு கிளாஸ் எடுக்கிற எபினேசர் சார், குடும்பம் படிக்கிற கதையில் முத்தம் எதற்கு என்றார். முத்தம் போயிற்று. டீக்கடை பிலால், கடையில் இட்லி மட்டும் போட்டால் எப்படி வியாபாரம் ஓடும், ஆட்டுக்கால் பாயாவும் போடச் சொல்லுங்கள் என்றான். அகிலா பாயா போட்டாள். மாமியாரைத் திருத்துங்கள் என்று ஒரு கோஷ்டி வந்தது, திருத்தினாள். திருந்திய மாமியார் சப்பென்று இருக்கிறாள் என்று அதே கோஷ்டி திரும்பி வந்தது, மறுபடி கெடுத்தாள். ஒரே மாதத்தில் அந்த மாமியார் மூன்று முறை நல்லவளாகி மூன்று முறை கெட்டுப்போனாள். எனக்கே அந்தப் பொம்பளை மேல் பரிதாபம் வந்துவிட்டது.

நானும் ஒரு முறை வாயைத் திறந்தேன். "ஏம்மே, இது உன் கதையா, ஊர்ப் பஞ்சாயத்தா?"

"படிக்கிறவங்க சொல்றத கேக்காத பின்ன யாரு சொல்றத கேக்கறது? எனக்கு மட்டும்னா மனசுக்குள்ளயே வெச்சிக்கினு போயிருப்பேனே. நீ ஓரமா குந்து நோயலு."

கட்டின புருஷன் வாசகர் கணக்கில் வரமாட்டான் போலிருக்கிறது. நான் ஓரமாகவே குந்தினேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவள் அசையவில்லை. கதிரேசன் செத்தது செத்ததுதான். ஆப்பில் முக்கால்வாசிப் பேர் அவனைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லிக் கெஞ்சினார்கள், மிரட்டினார்கள். பாடியைக் காட்டவில்லையே, பாடியைக் காட்டாத சாவு எந்த சீரியலில் சாவாக இருந்திருக்கிறது என்று நியாயம் கேட்டார்கள். அவள் மசியவில்லை. புருஷன் இல்லாமல் ஒருத்தி எப்படி எழுந்து நிற்கிறாள் என்று எழுதத்தான் இதையே ஆரம்பித்தேன், அவன் வந்துவிட்டால் எனக்கு இதில் என்ன வேலை என்பாள். அவள் அப்படிச் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருக்கும். இதை அவளிடம் சொன்னதில்லை, சொன்னால் தாங்க முடியாது.

அப்போது தடைக்காலம் வந்தது. வருஷா வருஷம் மீன் குஞ்சு பொரிக்கிற மாதங்களில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது என்று அரசாங்க உத்தரவு. சின்ன ஃபைபர் படகுகள் மட்டும் போய்க் கொஞ்சம் மீன் கொண்டுவரும். மார்க்கெட்டில் பாதிப் பேருக்கு வேலை இருக்காது. அந்த வருஷம் அத்தனை பேருக்கும் ஹெப்சிபாவின் கதையைத் திருத்துவதே வேலை என்று ஆனது. ஐஸ் மெஷினும் மதியத்தில் ஓய்ந்து கிடந்ததால், ஜன்னல் அடியில் பெண்கள் உட்கார்ந்துகொள்ள, அவள் அத்தியாயத்தை வாய்விட்டுப் படித்துக்காட்டினாள்.

அந்தக் கூட்டத்தில் ஒருத்தி ராமசெல்வி. மீன் வெட்டுகிறவள். அவள் புருஷன் டில்லிபாபு மூன்று வருஷத்துக்கு முன்னால் விசைப்படகில் போனான். படகு கவிழ்ந்தது. மற்றவர்கள் கரை சேர்ந்தார்கள், அவன் சேரவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை. கடலில் போய் உடம்பு கிடைக்காதவனுக்கு அவன் சட்டை வேட்டியை வைத்துக் காரியம் செய்கிற வழக்கம் உண்டு. டில்லிபாபுவின் அம்மா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. என் பிள்ளை வருவான் என்று தினமும் மருமகள் தலையில் தன் கையால் பூ வைத்து அனுப்புகிறாள். ஊரும் சும்மா இருக்கவில்லை. ஒருத்தன் அவனை அந்தமானில் பார்த்தேன் என்றான். இன்னொருத்தன் இலங்கைச் சிறையில் இருக்கிறான் என்றான். ராமசெல்வி எதிரில் 'செத்த' என்ற சொல்லையே யாரும் எடுப்பதில்லை. எங்கள் ஊருக்கு இரக்கம் வந்தால் இப்படித்தான், எதிரில் இருப்பவளை ஒரு வார்த்தை கேட்காது.

கதை கேட்கும்போது ராமசெல்வி ஒன்றும் சொல்ல மாட்டாள். கத்தி ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும், அவ்வப்போது "ம்" என்பாள். அந்த ஒரு எழுத்தை மற்றவர்கள் ஆளுக்கொரு விதமாக விளக்கினார்கள். ஒரு நாள் கருவாட்டு மொத்த வியாபாரி அஜீசுன்னிசா நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள். அவள் பேச்சை மார்க்கெட்டில் யாரும் தட்டுவதில்லை.

"ஹெப்சி, நான் சொல்றத கேளு. அந்தக் கதிரேசன கூட்டியாந்துடு."

"இல்ல அஜீசம்மா, கதையே அதான்..."

"கத கெடக்குது. இந்தச் செல்வி மூஞ்ச பாத்தியா நீ? கடல்ல போனவன் கதைய அவளாண்டவே குந்தி படிக்கிறியே, நெஞ்சுல ஈரம் இருக்குதா உனக்கு? அவ வாயத் தொறந்து கேக்க மாட்டா. கதைலயாவது ஒருத்தன் வந்து சேரட்டும்மே."

ஆயிரம் கமென்ட்டுக்கு அசையாதவள் இதற்கு ஆடிப்போய்விட்டாள். வீட்டுக்கு வந்து சோறு போடும்போதே கண் கலங்கியிருந்தது. "நான் இன்னா ஜென்மம் நோயலு. எதிர்ல குந்திகினு இருந்தவள பாக்காம வுட்டுட்டேனே" என்றாள். இந்த முறை நானும் கிண்டல் செய்யவில்லை. கொண்டு வந்துவிடு என்றுதான் சொன்னேன். என் கருத்து அந்தக் கதையில் எடுபட்டது அந்த ஒரு தடவைதான். அதுவும் தப்பாகப் போனது.

கதிரேசன் வந்தான். பேர் தெரியாத தீவில் பழைய நினைவு இல்லாமல் கிடந்தானாம். தேங்காய் தலையில் விழுந்ததும் நினைவு வந்ததாம். தாடியோடு இட்லிக் கடை வாசலில் நின்று, "அகிலா, பசிக்குது" என்றானாம். படித்துவிட்டு எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் ஆப்பில் திருவிழா. இதயமும் பூங்கொத்துமாக வந்து குவிந்தது. மார்க்கெட்டில் பிலால் எல்லாருக்கும் இலவசமாக டீ கொடுத்தான். எபினேசர் சார், வந்தவனுக்கு ஒரு முத்தம் கொடுத்தால் தப்பில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று எங்கள் வீட்டில் வஞ்சிரம்.

ராமசெல்வி அந்த அத்தியாயம் முடிகிற வரை இருந்தாள். "ம்" வரவில்லை. கத்தியையும் பலகையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று அஜீசுன்னிசா விளக்கம் சொன்னாள். மறுநாளும் அவள் ஜன்னல் பக்கம் வரவில்லை. அதற்கடுத்த மதியம் வந்தாள். நானும் அன்று வண்டி இல்லாமல் அங்கேதான் இருந்தேன். வந்தவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"யாரு கேட்டா உன்னாண்ட? அவன கூட்டியான்னு நான் கேட்டனா?"

ஹெப்சிபா எழுந்து நின்றாள். "உங்களுக்காகத்தான்கா..."

"எனுக்காகவா? ஊர்ல எல்லாம் எனுக்காகத்தான். அந்தமான்ல பாத்தேன்றான், அது எனுக்காக. மாமியா தெனம் பூவ வெச்சி வுடுது, அது எனுக்காக. கூட போன படகுக்காரன் என் மூஞ்ச பாக்காம ஓட்றான், அதுவும் எனுக்காக. உன் கதைல ஒருத்தன் செத்தான். ஒருத்தன்! இந்தக் காசிமேட்டுலயே உன் அகிலா ஒருத்திதான் புருசன் செத்துட்டான்னு வாய்வுட்டு சொன்னா. இவ எப்டி அழுறா, அழுதுட்டு எப்டி எந்திரிக்கறான்னு பாத்துக்கினு குந்தினு இருந்தேன். அவளுக்கும் கூட்டியாந்துட்டியே, தாடி வெச்சிக்கினு!"

அவளுக்கு மூச்சு வாங்கியது. பிறகு குரல் இறங்கிவிட்டது.

"மூணு வருசமாவுது ஹெப்சி. நான் இன்னும் அழுவல. அழுதா, அவன் செத்துட்டான்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும்னு அழ வுட மாட்டேன்றாங்க."

அஜீசுன்னிசா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். மார்க்கெட்டே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் நின்றது. இதில் என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அன்றே ஹெப்சிபா அந்த அத்தியாயத்தை அழித்தாள். தேங்காயும் போயிற்று, தீவும் போயிற்று. ஆப்பில் சாபம் விட்டார்கள். கொலைகாரி என்றுகூட ஒருத்தர் போட்டார். படிக்கிறவர்கள் பாதிக்குப் பாதி குறைந்தார்கள். அவள் அதையெல்லாம் பார்க்கவே இல்லை. டோக்கன் வாங்க வந்தவர்களைக் காக்க வைத்து எழுதினாள், முதலாளியிடம் திட்டு வாங்கிக்கொண்டு எழுதினாள். முதல் நாலு அத்தியாயத்தில் பார்த்த ஹெப்சிபாவை நான் மறுபடி பார்த்தேன்.

எழுதி முடித்ததும் ராமசெல்வியை ஆள் விட்டு அழைத்து, மதியத்தில் எல்லார் எதிரிலும் படித்தாள். அகிலா கதிரேசனின் நீலச் சட்டையைத் தானே துவைத்துக் காயப்போடுகிறாள். மாமியாரைக் கேட்காமல் கடற்கரைக்கு எடுத்துப் போகிறாள். சட்டையை மணலில் விரித்து அதன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் செய்த நல்லது கெட்டது எல்லாவற்றையும் சொல்லி அழுகிறாள். தலையில் இருந்த பூவைச் சட்டையோடு கடலில் விடுகிறாள். கடை ஒரு வாரம் மூடிக்கிடக்கிறது. பிறகு ஒரு காலையில் அகிலா கடையைத் திறக்கிறாள். பூக்காரி தயங்கி ஒதுங்கிப் போக, இவளே கூப்பிட்டு ஒரு முழம் வாங்கி வைத்துக்கொள்கிறாள். அத்தியாயம் அங்கே முடிகிறது.

முதலில் ராமசெல்விதான் கேட்டாள்.

"பூவா? மறுபடியும் எதுக்கு வெச்சிக்கினா? எடுத்துட்டாதான சரி?"

இவளுக்காகவே எழுதியது, இவளே வேண்டாம் என்கிறாள். பழைய ஹெப்சிபாவாக இருந்தால் அங்கேயே பூவை எடுத்திருப்பாள். இப்போது அவள் செல்போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"அகிலா வெச்சிப்பாக்கா. நான் நல்லா யோசிச்சிதான் எழுதினேன். அத மாத்த மாட்டேன்."

ராமசெல்வி அவளையே பார்த்தாள். கோபப்படப்போகிறாள் என்று நினைத்தேன்.

"செரி. அவ வெச்சிக்கட்டும்" என்றாள். "எனுக்கு வேணாம் ஹெப்சி."

காலையில் மாமியார் வைத்துவிட்ட பூவைத் தலையிலிருந்து உருவி மடியில் போட்டாள். "டில்லி செத்துட்டாம்மே" என்றாள், பக்கத்தில் இருந்த அஜீசுன்னிசாவுக்கு ஏதோ சேதி சொல்வதுபோல. பிறகு வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். முதலாளி என்ன கூச்சல் என்று வெளியே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பெண்கள் ஒவ்வொருத்தியாகப் போய் அவளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து அழுதார்கள். வருவான் வருவான் என்று சொன்ன ஒருத்தியும் இப்போது அதைச் சொல்லவில்லை.