ஆரஞ்சுப் பொன்னாடையும் பன்னிரண்டு பெயர்களும்

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு இர்விங்கிலிருந்து கிளம்பினோம். நான், மனைவி லதா, பின் இருக்கையில் பக்கத்து வீட்டு வால்டர். அவருக்குத் தொண்ணூற்று மூன்று வயது. அபிலின் தாண்டி, இருநூற்றுப் பத்து மைல் தொலைவில் இருக்கிறது அவர் படித்த கல்லூரி. பதினோரு மணிக்கு அங்கே அமெரிக்க ஃபுட்பால் ஆட்டம். பெயர்தான் ஃபுட்பால், காலுக்கு அவ்வளவாக வேலை இல்லை. இடைவேளையில் பழைய ஆட்டக்காரர் என்று வால்டரை மைதானத்துக்கு அழைத்துக் கௌரவிக்கப் போகிறார்கள்.

ஏழு மணிக்கு வெதர்ஃபோர்டில் காபி. மூன்று கோப்பை ஒன்பது டாலர். வாயில் வைக்க முடியவில்லை. அங்கேதான் வால்டர் தன் அணியைப் பற்றிச் சொன்னார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் தருகிறேன். ஐம்பதுகளின் தொடக்கம். மொத்தமே பதின்மூன்று பேர், புல் முளைக்காத மைதானம். வரிசையாக எட்டு ஆட்டம் தோற்றார்கள். கடைசி ஆட்டத்தில், பக்கத்து ஊர்க் கல்லூரியை அவர்கள் ஊரிலேயே மண்ணைக் கவ்வ வைத்தார்கள்.

“நீங்கள்தான் ஜெயிக்க வைத்தீர்களா?” என்று லதா கேட்டாள்.

“பந்து என் கைக்கு வரவே இல்லை. வைத்திருந்தவனுக்கு முன்னால் ஓடி வழி திறந்துவிட்டேன்” என்றவர், விரல் மடக்கிப் பெயர்களைச் சொன்னார். பில்லி, ஹாங்க், இரண்டு ஜோ... “நான் மட்டும்தான் மிச்சம். இவர்கள் பெயரை அந்த மைதானத்தில் ஒரு தடவை சொல்லிவிட வேண்டும். ஆனால் எனக்கு அரை நிமிடம்தானாம். கையசைத்தால் போதும், மைக் கிடையாது என்கிறார்கள்.”

காருக்குத் திரும்பும்போது லதா என் காதில், “சும்மா கை ஆட்டிட்டு வர்றதுக்கா இவ்ளோ தூரம் டிரைவ் பண்றோம்? பொன்னாடை எடுத்துட்டு வந்திருக்கேன், நம்ம முறைப்படி போர்த்திடலாம்” என்றாள். எங்கள் தமிழ்ச் சங்க விழாவில் மிஞ்சியது அது. ஜரிகைக் கரை போட்ட ஆரஞ்சு.

பத்து மணிக்குச் சேர்ந்தோம். வாசலிலேயே வால்டரைக் கல்லூரிக்காரர்கள் அழைத்துப் போய்விட, நாங்கள் காரை நிறுத்தப் போனோம். இறங்கிப் பார்த்தால் சுற்றிலும் ஆரஞ்சுச் சட்டைகள்.

“என்ன மேட்சிங் பாருங்க!” என்று லதா பூரித்தாள். எனக்கும் பெருமைதான். பதினெட்டு வருடம் டெக்சாஸில் இருந்தும் கிரிக்கெட்டைத் தவிர எதையும் பார்க்காதவன் நான்.

முதல் பாதி ஆட்டம் ஒன்றும் புரியவில்லை; எந்த நிறம் எந்த அணி என்றுகூட நான் கவனிக்கவில்லை. இடைவேளையில் ஆளுக்கொரு பக்கம் வால்டரின் கையைப் பிடித்து மைதானத்துக்குள் கூட்டிப்போனோம். அறிவிப்பாளர் பெயரைச் சொன்னார். வால்டர் கையசைத்தார். லதா பொன்னாடையைப் பிரித்துப் போர்த்தினாள்.

எங்கள் பக்கத்துக் கேலரி மொத்தமும் ஊளையிட்டது. எதிர்ப்பக்கம் ஆரஞ்சுக் கூட்டம் எழுந்து குதித்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது: வால்டரின் தொப்பி பச்சை, எங்களுக்குப் பின்னால் இருப்பவர்கள் எல்லாரும் பச்சை. ஆரஞ்சு, அந்தப் பக்கத்து ஊர்க் கல்லூரியின் நிறம். இன்றைய எதிரணியும் அவர்களே. காரை அவர்கள் பக்கம் நிறுத்தியிருக்கிறோம்.

“ஐயோ, மானம் போச்சே!” என்றாள் லதா.

வால்டர் குனிந்து பொன்னாடையைப் பார்த்தார். தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு அறிவிப்பாளரிடம் கையை நீட்டினார். கூச்சல் அடங்கினால் போதும் என்று அந்த மனிதர் மைக்கைக் கொடுத்துவிட்டார்.

“இந்த நிறத்தை நாங்கள் ஒரே ஒரு முறைதான் ஜெயித்தோம். அதற்கான பரிசு இன்றைக்குத்தான் கைக்கு வந்திருக்கிறது. ஜெயித்தவர்கள் பெயரைக் கேளுங்கள்.”

நிறுத்தி நிறுத்திப் பன்னிரண்டு பெயர்களையும் சொன்னார். தன் பெயரைச் சொல்லவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் பச்சைக் கூட்டம் முழங்கியது. ஏழாவது பெயருக்கு ஆரஞ்சுக்காரர்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள். எனக்கும் அந்தக் கல்லூரிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் என் சொந்தக்காரர்களைப் பாராட்டுவதுபோல நெஞ்சு நிமிர்ந்தது.

இரண்டரை மணிக்கு ஊருக்குத் திரும்பக் கிளம்பினோம். பச்சையில் ஒன்று சென்னையிலிருந்து வரவழைத்துத் தருவதாக லதா சொன்னாள். “வேண்டாம், இது நாங்கள் ஜெயித்தது” என்று இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிப்போனார் வால்டர்.

எங்கள் சங்க மேடையில் வருடத்துக்கு இருபது பேருக்குப் போர்த்துகிறோம். மறுநாள் கேட்டால் ஒரு பெயர் நினைவிருக்காது. ஃபோர்ட் வொர்த் நெருங்கும்போது லதா மெல்ல, “பில்லி, ஹாங்க், ரெண்டு ஜோ...” என்று விரல் மடக்க ஆரம்பித்தாள். ஒன்பதில் நின்றுவிட்டாள். மீதி மூன்றையும் நான் சொன்னேன்.