கார்துலான் ஒயினுக்கு லெயோன்ஸ் கொடுத்த வாக்கு

என் தம்பி லெயோன்ஸுக்கு மூக்கு போனது யாருக்கும் தெரியாமல் இருந்த காலம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில்தான் அவன் கார்துலான் தோட்டத்து ஒயினுக்கு வாக்குக் கொடுத்தான். மூக்கு போனது அவன் குற்றமில்லை. வாக்குக் கொடுத்ததுதான் குற்றம். இதை அவன் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன், அதனால் இங்கே சொல்வதில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை.

போயாக் ஊர்ப் படித்துறையில் எனக்கு ஒரு சாப்பாட்டுக்கடை. லெயோன்ஸ் எங்கள் அப்பாவைப் போலவே ஒயின் தரகன். தோட்டக்காரருக்கும் போர்தோ நகரத்து வியாபாரிக்கும் நடுவில் நிற்கிற ஆள். அறுவடை முடிந்து குளிர்காலமும் கழிந்தபின், ஏப்ரலில், பீப்பாயில் கிடக்கும் பச்சை ஒயினை மொண்டு வந்து வைப்பார்கள். வியாபாரிகள் அப்போதே வாங்கிவிடுவார்கள். அது புட்டியில் ஏறி அவர்கள் கைக்கு வர இரண்டு வருஷம் ஆகும். அதற்குள் பீப்பாயில் அது என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி சொல்வதற்குத்தான் தரகன். காகிதமெல்லாம் பிறகு வரும். தரகன் "ஆச்சு" என்றால் ஆச்சு, அவ்வளவுதான்.

லெயோன்ஸ் சொல்லி ஒருமுறைகூடத் தப்பியதில்லை. சின்ன வயதில் அவன் கண்ணைக் கட்டி அப்பா வீட்டுக்குள் நடக்கவிடுவார். எந்த அறையில் நிற்கிறோம் என்று வாசனையை வைத்தே சொல்லுவான். நான் திருட்டுத்தனமாகக் கேக் தின்றுவிட்டு வாயைக் கழுவிக்கொண்டு வந்தாலும், "அக்கா வாயில ரம் வாசன வருது" என்று போட்டுக்கொடுத்துவிடுவான். அதற்கு நான் வாங்கிய அடிகள் கொஞ்சமில்லை. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் முழுசாகப் போகவில்லை. ஆனால் அந்த மூக்கை வைத்துத்தான் அப்பா செத்த பிறகு எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. அதையும் சொல்லியாக வேண்டும்.

அந்த ஜனவரியில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. பத்து நாள் படுத்துக் கிடந்தான். எழுந்தபோது உடம்பு தேறிவிட்டது, மூக்கு தேறவில்லை. காபி வெந்நீராக இருந்தது, சோப்பு கல்லாக இருந்தது. இன்றைக்கு வந்துவிடும், நாளைக்கு வந்துவிடும் என்று மனைவி சொலான்ஜிடம்கூட மூச்சு விடாமல் இருந்திருக்கிறான். ஏப்ரல் வந்தது, மூக்கு வரவில்லை.

அந்த ஏப்ரல் முழுக்க மேற்குக் காற்று. கடல் பக்கமிருந்து ஈரமும் மழையுமாக அடித்தது. மேற்குக் காற்று அடித்தால் ஒயின் வாயை மூடிக்கொள்ளும் என்பது எங்கள் ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். கார்துலானில் சுவை பார்த்த அன்றும் வந்தவர்கள் எல்லோரும் அதையேதான் சொன்னார்களாம். ஒயின் வாயைத் திறக்கவில்லை, காற்று சரியில்லை, வேறொரு நாள் வந்து பார்க்கலாம் என்று. ஒருத்தர் முகத்திலாவது ஏதாவது எழுதியிருக்கிறதா என்று லெயோன்ஸ் தேடியிருக்கிறான். போர்தோ வியாபாரிகள் சுவை பார்க்கும்போது மூக்கின்மேல் ஈ உட்கார்ந்தாலும் அசைய மாட்டார்கள். முகம் அசைந்தால் விலை அசைந்துவிடும் என்று தாத்தா காலத்திலிருந்தே பழகியது.

வேறு வழி தெரியாமல், கார்துலான் ஒயின் எப்போதும் எப்படி இருக்குமோ அதை நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிவிட்டான். கருப்புத் திராட்சை, தேவதாரு, கொஞ்சம் இரும்பு. நாக்குக்குப் புளிப்பும் துவர்ப்பும் தெரிந்ததே, அது போதும் என்று நினைத்துக்கொண்டான். தோசான் என்ற வியாபாரி பக்கத்தில் நின்றிருந்தார். வயதானவர், எங்கள் அப்பா காலத்து ஆள். வியாபாரத்தை மகள் ஒடீல் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கவேண்டும் என்று இருந்தார். அவள் பெயரில் முதலில் வெளியே போகிற ஒயின் ஊர் பேசுகிற ஒயினாக இருக்கவேண்டும் என்று ஆசை. மற்றவர்கள் காற்றைச் சாக்கு சொல்லிக் கிளம்ப, லெயோன்ஸ் "ஆச்சு" என்றான். தோசான் இன்னொரு வாய்கூடக் குடித்துப் பார்க்காமல் அந்த வருஷத்து கார்துலானை மொத்தமாக எடுத்துக்கொண்டார்.

எனக்கு விஷயம் தெரிந்தது ஜூனில். மத்தியானம் கடைக்குச் சாப்பிட வந்தான். சூப்பு குடித்து முடிக்கும்போது கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் சிவப்பு ஒயினை ஊற்றிக் கலக்கி அப்படியே தூக்கிக் குடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவன் கைக்கெட்டிய புட்டியை எடுத்து ஊற்றிக்கொண்டான். அது தக்கை கெட்ட புட்டி, தக்கையின் பூஞ்சை நாற்றம் ஒயினில் இறங்கியது. கடைக்காரனிடம் திருப்பிக் கொடுக்க நான் ஓரமாக எடுத்து வைத்திருந்தது. கிட்டே போனாலே குமட்டும். அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு, "நல்லாருக்குக்கா" என்றான்.

எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். "டேய், என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. உனக்கு வாசன தெரியுதா?" என்று கேட்டேன். அவன் புட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், முகம் வெளுத்துவிட்டது. பிறகு எல்லாவற்றையும் சொன்னான். திட்டித் தீர்த்தேன். சொல்லக்கூடாத வார்த்தையெல்லாம் சொன்னேன். தோசானிடம் இன்றைக்கே போய்ச் சொல்லு, வேறு யாரையாவது வைத்து அந்த ஒயினைப் பார்க்கச் சொல்லு என்றேன். வாக்குக் கொடுத்தாகிவிட்டது, கார்துலான் எந்த வருஷமும் கெட்டதில்லை, இந்த வருஷம் மட்டும் ஏன் கெடப்போகிறது என்றான். அதுவும் நியாயம்தான் என்று எனக்கும் பட்டது. ஆனாலும் அன்றிலிருந்து கடையில் யார் கார்துலான் பேரை எடுத்தாலும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன்.

சொலான்ஜிடம் அவனையே சொல்ல வைத்தேன். அவள் அழவில்லை, என்னிடம் மட்டும் வந்து புலம்பினாள். "பால் பொங்கி வழிஞ்சு கருகிப் போயிருக்கு அண்ணி, இவரு அடுப்புப் பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருக்காரு" என்றாள். வெளியே கிளம்பினால் கேஸ் சிலிண்டரை மூடிவிட்டுத்தான் போவாள், பாதி வழியில் திரும்பி வந்து இன்னொரு தரம் பார்ப்பாள். அவன் என்னவென்றால் தினமும் கண்ணாடி முன்னால் நின்று, கோப்பையைச் சுழற்றி மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடுவதைப் பழகிக்கொண்டிருந்தான். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அடுத்த ஏப்ரலுக்கு முதுகுவலி என்று சொல்லிவிட்டு அவன் எங்கும் போகவில்லை.

அதற்கு முன்னால், அவன் வாக்குக் கொடுத்த அதே வருஷம் இலையுதிர்காலத்தில்தான், அறுவடை ஆட்களுக்குச் சாப்பாடு கொடுக்க நான் கார்துலானுக்குப் போயிருந்தேன். மழை பிடித்துக்கொண்டது. சட்டிகளோடு பீப்பாய்க்கூடத்துக்குள் ஒதுங்கினேன். கதவைத் தாண்டிய உடனே ஒரு வாசனை. லேசானதுதான். மழையில் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி, தக்கை கெட்ட புட்டி மாதிரி. ஆனால் அங்கே புட்டியே கிடையாது, பீப்பாய்கள்தான். அண்ணாந்து பார்த்தேன். கூரை மரமெல்லாம் புதுசு. பூச்சி அரிக்காமல் இருக்க மருந்து பூசி மாட்டியிருந்தார்கள். ஈரத்தில் அந்த மருந்து பூஞ்சணம் பிடித்தால் காற்றெல்லாம் நாறும், பீப்பாய் ஒயினிலும் ஏறும். மாட்டி இரண்டு வருஷம் ஆகிறது என்று பீப்பாய்க்கூட மேஸ்திரி அமெதே பெருமையாகச் சொன்னான். அப்படியென்றால் லெயோன்ஸ் வாக்குக் கொடுத்த ஒயின் பிறந்ததிலிருந்தே அந்தக் கூரைக்குக் கீழேதான் கிடக்கிறது.

ஏதோ வாசனை வருகிறதே என்றேன். அமெதே மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "எனக்கு ஒண்ணும் வரலியே. விடிஞ்சா பொழுதுபோனா இதுக்குள்ளதான கெடக்கேன். ஆட்டுக்கறிச் சட்டியத் தூக்கிட்டு வந்துட்டு எங்க கூடத்தக் குத்தம் சொல்றியா?" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அங்கே வேலை செய்கிற அத்தனை பேருக்கும் அது மூச்சுக்காற்றோடு பழகிப்போயிருந்தது. வெளியிலிருந்து வந்தவர்களோ, அது ரொம்ப லேசாக இருந்தபோது வந்து, மேற்குக் காற்றின்மேல் பழியைப் போட்டுவிட்டுப் போனவர்கள். அவ்வளவு லேசானதை அன்றைக்கே பிடிக்கக்கூடிய மூக்கு இந்த வட்டாரத்தில் ஒன்றுதான் இருந்தது.

நேராக லெயோன்ஸ் வீட்டுக்குப் போனேன். நனைந்த துணிகூட மாற்றவில்லை. சொன்னேன்.

"ரொம்பவாக்கா?" என்றான்.

"இப்ப லேசாத்தான் இருக்கு. இன்னும் பீப்பாயிலயே கெடந்தா ஏறும். இப்பவே போய்ச் சொல்லிடுறா. அந்த மனுஷன் பொண்ணுக்காக வாங்கினதுடா அது."

"என்னன்னு சொல்ல? எனக்கு அன்னிக்கு ஒண்ணுமே தெரியலன்னா? சும்மா வாயசச்சேன்னா?" என்றான். "அப்பா பேரும் சேந்து போயிடும்க்கா. நீ மோந்து பாத்தது சட்டி வாசனயாக்கூட இருக்கலாம். இருக்கலாமில்ல?"

ஆட்டுக்கறி எப்படி இருக்கும், அட்டைப்பெட்டி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? கோபம் தலைக்கேறியது. நீயெல்லாம் மனுஷனா என்று கேட்டுவிட்டு வந்தேன். நாலு மாதம் அவனோடு பேசவில்லை. பேசாமல் இருந்த நாளெல்லாம் அந்தக் கூரைதான் என் கண்முன்னால் நின்றது. அதற்குக் கீழே பீப்பாய்கள் வரிசையாகக் கிடந்தன. கெடுகிறது என்று தெரிகிறது, கெடுகிற சத்தம் கேட்கவில்லை. அதுதான் என்னைத் தின்றது.

அடுத்த கோடையில் புட்டியில் ஏற்றினார்கள். தோசான் எனக்குப் போன் செய்தார். ஒடீலும் தானும் லெயோன்ஸும் மட்டும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறோம், கார்துலானை நாங்களே கொண்டுவருகிறோம் என்றார். குரலில் ஒன்றும் தெரியவில்லை. அவர் குரலில் என்றைக்கும் ஒன்றும் தெரியாது.

லெயோன்ஸ் நல்ல கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தான். வாக்குக் கொடுத்த தரகனுக்குத்தான் முதல் கோப்பை, அது தோசான் வீட்டு மரியாதை. நான் ஆட்டுத்தொடை வறுவலை எடுத்துக்கொண்டு சமையலறைக் கதவைத் தாண்டினேன். அந்த வாசனை நேராக என் மூக்கில் வந்து அறைந்தது. தோசானைப் பார்த்தேன், கல். ஒடீலைப் பார்த்தேன். அவள் சின்னப் பெண், முகத்தைக் கல்லாக்கிக்கொள்ள இன்னும் முழுசாகப் பழகவில்லை. மேசைவிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள், காது இரண்டும் சிவந்திருந்தன. இவர்கள் வீட்டிலேயே திறந்து பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. லெயோன்ஸ் வாயிலிருந்தே வரட்டும் என்று ஒரு வாய்ப்புக் கொடுக்க வந்திருந்தார் அந்த மனிதர்.

பின்னால் நின்று தம்பியின் தோளை அழுத்தினேன். தட்டு வைக்க இடம் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தான்.

கோப்பையைச் சுழற்றினான். மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினான். அப்பாவே வந்து உட்கார்ந்திருந்தாலும் அவ்வளவு அழகாகச் செய்திருக்க மாட்டார். ஒரு வாய் குடித்து, நாக்கில் வைத்திருந்து, விழுங்கினான். "அன்னிக்கு என்ன சொன்னேனோ அதேதான்" என்றான். "கருப்புத் திராட்சை, தேவதாரு, இரும்பு. அன்னிக்குக் காத்து சரியில்ல, இப்பத்தான் வாயத் தெறந்துருக்கு." சொல்லிவிட்டுச் சிரித்தான்.

தோசான் மடியிலிருந்த துணியை எடுத்து மடித்து மேசைமேல் வைத்தார்.

"மூணு பெட்டியிலேர்ந்து எடுத்துப் பாத்துட்டேன். தக்கையோட குத்தம் இல்ல, ஒயினே அப்படித்தான்" என்றார். பிறகு, நோயாளியிடம் கேட்கிற மாதிரி மெதுவாக, "எத்தன நாளா இப்படி, லெயோன்ஸ்?" என்று கேட்டார்.

தம்பியின் சிரிப்பு முகத்தில் இன்னும் கொஞ்சநேரம் அப்படியே இருந்தது. பிறகு கோப்பையைக் கீழே வைத்தான். தோசானைப் பார்க்கவில்லை, ஒடீலையும் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பினான். எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் என் வாயை மோந்து என்னைக் காட்டிக்கொடுத்த அதே முகம்.

"அக்கா, என்ன வாசன அடிக்குது?"

"நனைஞ்ச அட்டைப்பெட்டிடா" என்றேன்.

"ரொம்பவா?"

"அடுக்களை வாசப்படியிலயே தெரியுதுடா" என்று சொல்லிவிட்டு அவன் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.