வீட்டுக்காரரைப் பார்க்கப் போனவள்

என் தங்கை மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். கோணிப்போன கண்ணாடியைக் கொடுத்தால், பேசிக்கொண்டே நிமிர்த்திக் கொடுத்துவிடுவாள். பேசாமல் அவளால் எதுவும் முடியாது. வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். மணி கேட்டால், கடிகாரம் வாங்கின கதையிலிருந்து தொடங்குவாள்.

கல்யாணமான இரண்டாம் மாதமே அவள் கணவர் வெளிநாட்டில் ரொட்டி கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். அதன்பின் போனில்தான் குடித்தனம். இரண்டு வருடம் கழித்து அவளுக்கு விசா வந்தது, கடையில் ஒரு மாத லீவும் கிடைத்தது. ஆனால் அங்கே விமானத்தில் இறங்கியதும் அதிகாரி கேட்கிற கேள்விகளுக்கு உளறினால், வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எதிர்வீட்டு டிரைவர் சொல்லிவிட்டார். அன்றைக்கே அவளுக்குப் பதில் சொல்லப் பழக்கிவிடுவதென்று முடிவு செய்தேன்.

நான் தையல்காரி. துணி வெட்டும் மேஜைக்கு இந்தப் பக்கம் நான் அதிகாரியாக உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் அவள்.

“யாரைப் பாக்க வந்தீங்க?”

“அவரைத்தான். ரொட்டி கம்பெனியில இருக்காரு. முதல்ல பகல் ஷிப்டு, அப்புறம் மேனேஜர் மாறினதும்...”

“நிறுத்துடி! மேனேஜரையா பாக்கப் போற? ‘வீட்டுக்காரரை’ன்னு ஒரே வார்த்தையில சொல்லு. எங்க தங்குவீங்க?”

“வீட்டுக்காரர் வீட்டுல.”

“செலவுக்கு?”

“வீட்டுக்காரர் பாத்துப்பாரு. அக்கா, இப்படிப் பேசினா எனக்கே கொட்டாவி வருது.”

“வரட்டும். இன்னொண்ணு, அதிகாரி கண்ணாடி போட்டிருந்தா அதைப் பத்தி வாயே திறக்கக் கூடாது.”

துணியில் தொங்கும் நூலை நறுக்குவது போல அவள் பதில்களை நறுக்கி, அவளை விமானம் ஏற்றி அனுப்பினேன்.

மறுநாள் அவளிடமிருந்து போன் வந்தது. அங்கே அதிகாரி கேட்டதை, போன் வழியாக ஒருவர் தமிழில் சொன்னாராம். இவளும் சொல்லிக் கொடுத்தபடியே நறுக்கென்று பதில் சொல்லியிருக்கிறாள்.  உடனே மொழிபெயர்ப்பவர் கேட்டாராம்:

“ஏம்மா, வாடகைக்கு விட்டவரைப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க? அவரு எதுக்கு உங்க செலவைப் பாத்துக்கணும்?”

அதிகாரி பாஸ்போர்ட்டை மூடி ஓரமாக வைத்துவிட்டார். எங்களிடம் வாடகை வாங்க வருபவரையும் நாங்கள் வீட்டுக்காரர் என்றுதான் சொல்கிறோம். எனக்கு அது உறைக்கவே இல்லை.

அதற்குமேல் ரேடியோவை யாரால் நிறுத்த முடியும்?

“ஐயோ, வாடகை வாங்குறவர் இல்லீங்க, என்னைக் கட்டிக்கிட்டவரு! ரெண்டு வருஷமாச்சு பாத்து. ரொட்டி வாசனை போன்ல வருமான்னு கேட்டா, வருதுன்னு பொய் சொல்லுவாருங்க. ஒரு மாசத்துல நான் திரும்பலைன்னா, கடையில என் ஸ்டூல்ல முதலாளியோட மச்சினி உக்காந்துடுவா. அவளுக்கு ஸ்குரூவை எந்தப் பக்கம் திருகணும்னே தெரியாது!”

மொழிபெயர்ப்பவர் சிரித்துக்கொண்டே சொல்லி முடிப்பதற்குள் அதிகாரிக்கும் சிரிப்பு வந்துவிட்டதாம். முத்திரை விழுந்தது.

“நீ வெட்டினதையெல்லாம் நான் மறுபடி ஒட்டிட்டேன், கோவிச்சுக்காத” என்றாள்.

பக்கத்தில் அவள் கணவரின் குரல் கேட்டது: “அண்ணி, உங்க தங்கச்சி இன்னும் வாடகை தரல!”

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. என் தங்கையை அனுப்பி வைத்தது நான் சொல்லிக் கொடுத்த பதில் இல்லை. அவளுடைய வாய்தான்.

“அக்கா” என்றாள், குரலைத் தாழ்த்தி. “அந்த அதிகாரியோட கண்ணாடி இடப்பக்கம் இறங்கியிருந்துச்சு. அதை மட்டும் சொல்லலக்கா. நீ சொன்னியேன்னு.”