ஒரு பக்கம் மட்டும் அளந்த கிராங்க்

பண்டாரவளையில் ஒரு லேத் கடையில் வேலை செய்கிறேன். கழற்றிய எஞ்சின்களின் கிராங்குகள், அதாவது பிஸ்டன்கள் சுழற்றுகிற இரும்புத் தண்டுகள், எங்களிடம் வரும். பேரிங் உட்காரும் இடங்கள் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று மைக்ரோமீட்டரில் அளந்து, லேத்தில் கடைய வேண்டுமா, அப்படியே போடலாமா என்று சொல்வது என் பொறுப்பு.

பூனாகலையிலிருந்து ஒரு வேன்காரர் தன் கிராங்கைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார். அவர் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. கிழமைக்கு இரண்டு தடவை பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்திகரிக்க வேண்டும்.

"வியாழக்கிழமைக்குள்ள வண்டி ஓடணும் தம்பி" என்றார்.

மின்வெட்டுக் காலம் அது. கரண்ட் போக அரை மணி நேரம்தான் இருந்தது. மெஷினில் ஒரு லொறிக் கிராங்க் பாதியில் நின்றது. பிஸ்டன் அழுத்துகிற பக்கம் கிராங்க் அதிகமாகத் தேயும். அதனால் ஒவ்வோர் இடத்தையும் குறுக்கே ஒரு தடவை, நெடுக்கே ஒரு தடவை அளக்க வேண்டும். இரண்டு அளவுக்கும் தலைமுடியின் பாதிக் கனம் வித்தியாசம் இருந்தாலே கடையத்தான் வேண்டும்; இல்லாவிட்டால் பேரிங் தளர்ந்து ராட் உடையும். இது எனக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு லொறி வேலையை முடிக்கும் அவசரத்தில் ஒரு பக்கம் மட்டும் பிடித்துப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது.

"கடைய வேணாம் அண்ணே. புது பேரிங் போட்டாப் போதும்."

அவர் முகம் மலர்ந்துபோய்விட்டது.

மூன்று கிழமை வண்டி ஓடியது. பிறகு ஒரு காலை, மனைவியை வண்டியில் படுக்க வைத்துக்கொண்டு பதுளைக்குப் போகும்போது, ஏற்றத்தில் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கிற கனெக்டிங் ராட் உடைந்து எஞ்சினைப் பிளந்துவிட்டது. நல்ல மழை. டீசல் தட்டுப்பாட்டில் ரோட்டில் வேறு வண்டியும் இல்லை. மத்தியானம் வரை பார்த்துவிட்டு அந்த அக்காவை லயத்து வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் பதுளைக்குக் கொண்டுபோனபோது நெஞ்செல்லாம் நீர் கட்டியிருந்ததாம். சாயந்திரம் இறந்துவிட்டார்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த பிறகு அவர் அதே கிராங்கோடு வந்தார்.

"வண்டி இனி எனக்கு வேணாம். என்ன நடந்துச்சுன்னு மட்டும் பார்த்துச் சொல்லு தம்பி."

ராட் உடைந்த இடம் கருகி நீலம் பாய்ந்திருந்தது. அதில் அளக்க ஒன்றுமில்லை. பக்கத்து இடம் கெடாமல் இருந்தது. குறுக்கே அளந்தேன், சரி. நெடுக்கே திருப்பிப் பிடித்தேன். ஒரு தலைமுடிக் கனத்துக்கு மேல் குறைந்திருந்தது. மூன்று கிழமையில் அவ்வளவு தேயாது.

"எண்ணெய் வத்தியிருக்கும் அண்ணே" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாய் தானாகச் சொன்னது.

"வண்டி எடுக்க முன்னாடி தினமும் எண்ணெய் பார்ப்பேன்" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. அவர் தன்மேலேயே குற்றம் தேடிக்கொண்டிருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது.

மைக்ரோமீட்டரைக் கீழே வைத்தேன்.

"நான்தான் அண்ணே. அன்னைக்கு ஒரு பக்கம்தான் அளந்தேன்."

இரண்டு பக்கமும் அளக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார்.

"இன்னும் அஞ்சு நிமிஷம்."

என் கைகளைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் வாங்கியிருப்பேன். கிராங்கை மேசையிலேயே விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.

முதலாளியிடம் அன்றைக்கே சொன்னேன். அவர் என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. வேன்காரர் இப்போது மரக்கறித் தோட்டமொன்றில் கூலி வேலை செய்கிறார். ஞாயிற்றுச் சந்தையில் இரண்டு தடவை எதிரே வந்தார். இரண்டு தடவையும் தலையைக் குனிந்துகொண்டது நான்தான்.