பந்தாட்டத்தை விட்டது

பள்ளிக்கூடத்துக் கால்பந்து அணியில் என்னைச் சேர்த்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அதிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று நான் வீட்டில் சொன்னபோதும் அதே பன்னிரண்டு வயதுதான். நடுவில் மூன்று வாரம் இருந்தால் அதிகம். ஆனால் அந்த மூன்று வாரத்தைப் பற்றி எங்கள் வீட்டில் பேசின அளவுக்கு, அப்போது நடந்துகொண்டிருந்த யுத்தத்தைப் பற்றிக்கூடப் பேசினதில்லை.

யுத்தகாலம் என்பதால் ரப்பர் கிடைக்காது. பள்ளிக்கூடம் முழுவதற்கும் ஒரே ஒரு பந்துதான். அதன் உள்ளே இருந்த பிளாடரில் சைக்கிள் டியூபில் போடுவதுபோல ஏழெட்டு ஒட்டு இருந்தது. ஆட்டம் பாதியில் இருக்கும்போதே பந்து சொங்கிப்போகும். டிரில் மாஸ்டர் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்துவார். பந்தின் வாரை அவிழ்த்துப் பம்பு வைத்துக் காற்றடிக்கும்வரை இரண்டு பக்கத்துப் பையன்களும் சண்டை சச்சரவு இல்லாமல் அவரைச் சுற்றி நிற்போம். எல்லோருக்கும் வெறுங்கால். மைதானம் கடற்கரைப் பக்கம் இருந்ததால் தரையெல்லாம் உப்புப் பூத்துக் கிடக்கும். காலில் காயம் இருந்தால் அது எந்த இடத்தில் இருக்கிறது என்று மறக்கவே முடியாது.

அணியில் இடது ஓரத்தில் ஓடுகிற இடம் சூசைக்கு உரியது. சூசை கீழவைப்பார் என்ற கடற்கரை ஊர்க்காரன். எங்கள் ஊரான தூத்துக்குடியில் அவனுடைய அத்தை வீட்டில் தங்கிப் படித்தான். மூன்றாம் பாரத்தில், அதாவது எட்டாம் வகுப்பில், என்னோடு ஒரே பெஞ்சில் உட்காருவான். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். எனக்குப் பந்து உதைக்கச் சொல்லிக்கொடுத்ததும் அவன்தான். சின்ன வயதில் எனக்கு இடது கைப் பழக்கம் இருந்தது. அம்மா அடித்து அடித்து அதை மாற்றினாள். கையைத் திருத்தியவளுக்குக் காலைத் திருத்த வேண்டும் என்று தோன்றவில்லை போலும்.

"ஒனக்கு இடங்காலுதாம்ல நல்ல காலு. இத்தன நாளா அத சும்மா வச்சிருக்கியே" என்று ஒருநாள் சூசைதான் கண்டுபிடித்துச் சொன்னான். அதற்குப் பிறகு சாயங்காலங்களில் நெற்றுத் தேங்காய் ஒன்றைத் தரையில் உருட்டிவிட்டு, ஓடிக்கொண்டே பாதத்தின் வெளிப்பக்கத்தால் தட்டுவது எப்படி என்று காட்டிக்கொடுத்தான்.

அந்த வருஷம் ஊர்த் திருவிழாவுக்குப் போன சூசை, சொன்ன நாளில் திரும்பி வரவில்லை. பாய் விரித்து ஓடுகிற வல்லத்தில் வரவேண்டியவன், காற்று மாறிவிட்டதால் மூன்று நாள் தாமதித்து வந்தான். ஷீல்டு மேட்சுகள் தொடங்க இருந்த நேரம். டிரில் மாஸ்டர் காற்றை நம்புகிற ஆள் இல்லை. "திருவிழா முக்கியமா, டீம் முக்கியமா?" என்று கேட்டுவிட்டு அவன் பெயரை அடித்தார். அடித்த இடத்துக்கு மேலேயே என் பெயரை எழுதினார். இடது காலால் உதைக்கிறவன் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை என்பதுதான் காரணம்.

மறுநாள் சூசை எங்கள் பெஞ்சை விட்டுக் கடைசிப் பெஞ்சுக்குப் போய்விட்டான். பேச்சு நின்றது. சாயங்காலம் நாங்கள் ஆடப் போனால், மைதானத்தின் கோடியில் இருந்த குட்டைச் சுவர்மேல் ஏறி, காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பான். சிரிக்கவும் மாட்டான், கத்தவும் மாட்டான். பந்து எங்கே போனாலும் அவன் கண் என்மேலேயே இருக்கும். அவன் சொல்லிக்கொடுத்த மாதிரி தட்டிப் போவதா, வேறு விதமாகப் போவதா என்று நான் யோசிப்பதற்குள் யாராவது வந்து பந்தைப் பறித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

முதல் ஷீல்டு மேட்சில் கோல் போஸ்டுக்கு முன்னால் எனக்குப் பந்து கிடைத்தது. கோல் கீப்பர் விழுந்து கிடந்தான். நான் உதைத்திருந்தால் போதும். உதைக்காமல் பக்கத்தில் தள்ளிவிட்டேன். பக்கத்தில் யாரும் இல்லை. எங்கள் அதிர்ஷ்டத்துக்கு வேறொருவன் கடைசி நிமிஷத்தில் கோல் போட, ஜெயித்துவிட்டோம். டிரில் மாஸ்டர் என்னைத் திட்டவில்லை. "சின்னப் பய, சரியாயிருவான்" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் அம்மா என் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது, "இனிமே ஆடப் போகல" என்று சொல்லிவிட்டேன்.

அம்மாவுக்கு அதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது. "நானும் அதத்தான் சொல்லணும்னு இருந்தேன். நகம் பேந்து கெடக்கத பாரு" என்றாள். சாப்பிட உட்கார்ந்த அப்பாதான் கேட்டார்.

"ஏம்ல?"

"காலு வலிக்கி."

"எந்தக் காலு?"

நான் வலது காலைக் காட்டினேன். அம்மா எண்ணெய் தடவிக்கொண்டிருந்தது இடது காலில். அப்பா சோற்றைப் பிசைந்தார். பிறகு, "சேரணும்னு எவனும் ஒன்னக் கட்டாயப்படுத்தல. சேந்தாச்சு. இப்ப வலிக்கின்னா எப்படி?" என்றார்.

அப்பா துறைமுகத்துக்குப் போகிற வழியில் தோணிகளுக்கு வேண்டிய கயிறும் பாய்த்துணியும் விற்கிற கடை வைத்திருந்தார். நல்ல மனிதர். ஆனால் எந்தக் காரியத்திலும் சட்டென்று ஒரு முடிவுக்கு வரமாட்டார். கயிற்றைக்கூட இரண்டு முறை அளந்துவிட்டு, வெட்டும்போது வாங்குகிறவரை ஒருமுறை ஏறிட்டுப் பார்ப்பார். என் விஷயத்தையும் அவர் கடைக்குக் கொண்டுபோய்விட்டார். வந்தவர் போனவரிடமெல்லாம் கேட்டிருக்கிறார். தோணியைச் செலுத்துகிற தண்டல் ஒருவர் அந்தப் பழக்கத்திலேயே பதில் சொன்னாராம்: "அண்ணாச்சி, தோணியில ஏறுன பய வாந்தி எடுக்கான்னு நடுக்கடல்ல எறக்கிவிட முடியுமா?"

அப்பா இதை வீட்டில் வந்து மிகுந்த திருப்தியோடு சொன்னார்.

"அது கடலு. இது பள்ளிக்கூடத்துப் பொட்டலு. எறங்கி நடந்து வந்தா வீடு வந்துரும்" என்றாள் அம்மா.

அப்பா மறுநாள் வேறு யாரையோ கேட்கப் போய்விட்டார்.

அந்தச் சனிக்கிழமை நாசரேத்திலிருந்து மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். அங்கே பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "இன்னைக்குப் பந்தாட்டத்தப் பாதியில விடுவான். நாளைக்குப் பரீட்சையப் பாதியில விட்டுட்டு எந்திச்சு வருவான்" என்றார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு மத்தியான ரயிலுக்குக் கிளம்பிவிட்டார்.

ரயில் போன கையோடு அம்மா மாறிவிட்டாள். நான் ஆடியே ஆகவேண்டும், நகம் பேர்ந்தால் முளைக்கும் என்றாள். அதே நேரத்தில் அப்பாவும் மாறிக்கொண்டிருந்தார் என்பது யாருக்கும் தெரியாது. கடையில் யாரோ தன் மகனுக்குப் பிடிக்காத வேலையில் அவனைச் சேர்த்துவிட, அவன் சொல்லாமல் கொழும்புக்குக் கப்பல் ஏறிப் போன கதையைச் சொல்லியிருக்கிறார். அப்பா பயந்துபோனார். "விடணும்னு சொல்லுத பயல விட்டுரதுதான் நல்லது" என்று அவர் ஆரம்பிக்க, "நீங்கதான அன்னைக்குச் சேந்தாச்சுன்னு சொன்னிய?" என்று அம்மா பிடித்துக்கொண்டாள். ஆளுக்கு ஒரு பக்கம் நின்றவர்கள் பக்கம் மாறி நின்று, முன்பு அடுத்தவர் சொன்ன நியாயத்தையே இப்போது தன் நியாயமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நடுவில் நான் எங்கே நின்றேன் என்று எனக்கே தெரியவில்லை. விலகவேண்டும் என்று கேட்டது நான்தான். ஆனால் அப்பா இறங்கி வருகிறார் என்று தெரிந்ததும், அதெல்லாம் முடியாது, போய் ஆடுலே என்று ஒரு அதட்டு அதட்டி அனுப்பிவிட்டால் நல்லது என்றும் இருந்தது. அம்மா அப்படி அதட்டியபோது அழுகை வந்தது. சூசையைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. கால் வலிக்கிறது என்று சொன்ன பிறகு, வலிப்பது கால் இல்லை என்று எப்படிச் சொல்வது?

முடிவு ஆகும்வரை நான் ஆடப் போய்க்கொண்டுதான் இருந்தேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆடிக்கொண்டிருந்தபோது கோல் போஸ்டுக்குப் பின்னால் அப்பா நிற்பதைப் பார்த்தேன். கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறார். அவர் பொழுதிருக்கும்போதே கடையைப் பூட்டி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வெள்ளை வேட்டி காற்றில் படபடக்க, பந்து பக்கத்தில் வந்தால் ஒதுங்கி வழிவிட்டபடி கடைசிவரை நின்றார். அன்று நான் மூன்று முறை பந்தைப் பறிகொடுத்தேன்.

திரும்பி நடந்தோம். உப்பு மூட்டை ஏற்றிய வண்டிகள் போவதற்காக ஓரமாக நின்றபோது அப்பா கேட்டார்.

"அந்தச் சொவத்து மேல இருந்தானே, அந்தப் பய யாரு?"

"சூசை."

"ஒன் கூட்டாளிதானே? வீட்டுக்கெல்லாம் வந்திருக்கானே."

"இப்ப பேச மாட்டான்."

"ஏன்?"

"அவன் எடத்துலதான் நான் ஆடுதேன்."

வண்டிகள் போய்விட்டன. அப்பா நடக்காமல் நின்றுகொண்டே இருந்தார். பிறகு மெதுவாக, "எனக்கும் ஒண்ணும் தெரியலல. விடச் சொன்னா ஒன்னக் கெடுக்கேனோன்னு இருக்கி. ஆடச் சொன்னா கொல்லுதேனோன்னு இருக்கி" என்றார். அப்பாவுக்கும் தெரியாத விஷயம் உண்டு என்பது எனக்குப் பெரிய அதிர்ச்சியாக இருந்தது. அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்ததால் வேட்டி நுனியைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். வீட்டு வாசலுக்கு வந்ததும், "விட்டுருல. நான் பேசிக்கிடுதேன்" என்றார்.

மறுநாள் காலையில் அவரே டிரில் மாஸ்டரிடம் போய், கடையில் ஒத்தாசைக்கு ஆள் இல்லை என்று ஒரு பொய்யைச் சொல்லி என்னை விடுவித்துவிட்டார். அம்மா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சோற்றை மட்டும் வைத்தாள்.

அன்று பள்ளிக்கூடம் விட்டதும் நான் ஓடினேன். சூசை அத்தை வீட்டுக்குப் பின்னால், கடற்கரையில் காயப்போட்ட வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மூன்று வாரத்துக்குப் பிறகு எங்களுக்குள் அதுதான் முதல் பேச்சு.

"நான் விட்டுட்டேன். இனிமே நீ ஆடலாம்."

அவன் எழுந்து நின்றான். "மாஸ்டரு மத்தியானமே நாலாம் பாரத்து வலங்காலுப் பயல ஒருத்தனப் போட்டாச்சு. ஒனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. என் இடம் காலியானால் அது தானாக அவனிடம் போய்ச் சேரும் என்றே நான் நினைத்திருந்தேன்.

"எனக்காகவா விட்டே?"

"ஆமா."

"ஒன்ன எவம்ல கேட்டான்?" அடிக்கப்போகிறான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அவன் குரல்தான் உடைந்தது. "நீ ஆடுததையாவது பாத்துக்கிட்டு இருந்தேன். அதையும் கெடுத்துட்டியே."

வலையைத் தாண்டிக் குதித்து வீட்டுக்குள் போய்விட்டான்.

நான் அழுதுகொண்டே வந்து, மறுபடியும் சேரவேண்டும் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா, பேசாமல் இருப்பதை மறந்து, "மொதல்ல இருந்து ஆரம்பிங்க. தண்டலக் கேட்டுட்டு வாங்க" என்றாள். ஆனாலும் அப்பா போய்க் கேட்டார். மீதி மேட்சுகளுக்கு ஆட்டக்காரர்கள் பட்டியல் அனுப்பியாகிவிட்டது என்று டிரில் மாஸ்டர் கையை விரித்துவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் இல்லாமலேயே எங்கள் பள்ளிக்கூடம் ஷீல்டை ஜெயித்தது. அதற்காக அரைநாள் லீவு விட்டார்கள்.

சூசை சொன்னதை நான் குத்தல் என்றுதான் எடுத்துக்கொண்டேன். நான் ஆடித் தோற்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தானாம், அதைக் கெடுத்துவிட்டேனாம் என்று வீட்டில் சொன்னேன். "பொறாம புடிச்ச பய. நல்லவேள, வெலகிட்டே" என்றாள் அம்மா. அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, அம்மா சொல்வதும் சரியாக இருக்கும் என்று தோன்றியதோ என்னவோ, கடைக்குக் கிளம்பிவிட்டார்.

அடுத்த வருஷம் சூசையை மறுபடியும் அணியில் சேர்த்தார்கள். நான் ஒரு மேட்சுக்குக்கூடப் போகவில்லை. அவன் என்னை உறுத்துப் பார்த்து என் ஆட்டத்தைக் கெடுத்தான், நான் அவனுக்கு அதைச் செய்யக்கூடாது என்று பெரிய மனசோடு வீட்டிலேயே இருந்தேன். கோல் போட்டதும் மற்றவர்களைப் போல அவன் குதிப்பதில்லை, பார்க்க வந்திருக்கிற கூட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, கடைசியில் அந்தக் குட்டைச் சுவர்ப் பக்கம் திரும்பி யாரையோ தேடுகிறான் என்று வகுப்பில் பையன்கள் வந்து சொல்வார்கள். ஊரிலிருந்து யாராவது வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.